யாழினியும் வருவாள் என்றேன்

ஒன்பது மணி நாலு நிமிடம். இன்னும் ஆறு நிமிடத்தில் மணி அடிப்பார்கள், அடித்தால் கேட்டைச் சாத்துவார்கள், சாத்தினால் அவள் ஒன்று உள்ளே போகவேண்டும் இல்லை வீட்டுக்குத் திரும்பவேண்டும், இரண்டில் எது நடந்தாலும் நான் காரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் அவள் உள்ளேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. வாய்க்கால் தெரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் கேட்டுக்கு ஒரு முழம் வெளியே, மகளின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தெருமுனையையே பார்த்தபடி நிற்கிறாள். நான் வரவேண்டிய திசையைத்தான் பார்க்கிறாள். நான் அந்தத் திசையில் இல்லை. அவளுக்கு முதுகுப் பக்கம், ரேஷன் கடைச் சுவரை ஒட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி. காற்று முகத்தில் அடிக்க, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காரை அவளுக்குத் தெரியாது. வீடு வீடாகப் போன அந்த மூன்று நாளும் நான் ஸ்கூட்டரில்தான் போனேன், வேண்டுமென்றேதான், காரில் போய் இறங்கினால் யாரும் கதவைத் திறந்து முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று எனக்கே தோன்றியது, அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்த எனக்கு மற்றது ஏன் தெரியாமல் போயிற்று. பின் ஸீட்டில் யாழினி ஷூவால் என் முதுகுப் பக்கத்தைத் தட்டுகிறாள். “அப்பா, எதுக்கு ஸ்டாப் பண்ணிருக்கோம்?” ஒரு நிமிஷம் என்றேன். “ஒன் மினிட் ஆயிருச்சு,” என்றாள். ஆகியிருக்கும். எண்ணியிருப்பாள். மெரூன் டை, கட்டம் போட்ட சட்டை, முட்டி வரைக்கும் வெள்ளை ஸாக்ஸ், பைபாஸ் ரோட்டில் இருக்கிற அந்தப் பெரிய பள்ளியின் சின்னம் பாக்கெட்டில். அங்கே ஒன்பதரைக்கு அசெம்பிளி. எங்கள் ஃப்ளாட்டிலிருந்து பைபாஸுக்குப் போக இந்தத் தெருவுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை, பாலத்துக்கிட்ட நெருக்கடியாக இருக்கும், சுற்றிப் போறேன் என்று மனைவி ஹேமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு வந்தேன்? அவள் வந்திருக்கமாட்டாள் என்று பார்த்துவிட்டுப் போக. அவ்வளவுதான். வராமல் இருந்திருந்தால் நான் சொன்னதை அவளும் நம்பவில்லை, ஏதோ பேச்சுக்குச் சொன்னார் என்று விட்டுவிட்டாள், கணக்கு நேராகிவிட்டது என்று மூச்சு விட்டிருப்பேன். அவளோ எட்டே முக்காலுக்கே வந்து நிற்கிறாள் போலிருக்கிறது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை போட்டுப் பூ வைத்திருக்கிறாள்.

அவள் பெயர் இசக்கியம்மாள். மகள் பெயர் வர்ஷினி. இதையும் நினைத்தால் எங்கேயோ இடறுகிறது. கத்தாரில் இருந்துகொண்டு இணையத்தில் மூன்று மாதம் தேடி நல்ல தமிழ்ப் பெயராக யாழினி என்று வைத்தேன், அவளுக்குத் தமிழில் தன் பெயரை எழுத வராது. இசக்கியம்மாள் தன் மகளுக்குத் தன் தெருவில் யாருக்கும் இல்லாத பெயராக ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறாள், அவளுக்கும் அது எந்த மொழி என்று தெரியாது. ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கப் பார்த்திருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரம், வெயில் தலையைப் பிளந்தது. எஸ்தர் ராஜகனி டீச்சர், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, ஒரு கையில் குடையும் மறு கையில் நோட்டீஸ் கட்டுமாகத் தெருத்தெருவாகப் பிள்ளை சேர்க்கக் கிளம்பியபோது என்னையும் கூட்டிக்கொண்டார். பழைய மாணவர் ஒருத்தர் கூட வந்தால் நன்றாயிருக்கும் என்றார். நானும் ஊருக்கு வந்து ஆறு மாதம், வேலை என்று ஒன்றும் இல்லை, தோஹாவில் கம்பெனி ஆளைக் குறைத்ததை நான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம், யாராவது கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் டீச்சர் என்னைக் காட்டுவார். “இந்த சாரு நம்ம ஸ்கூல்ல படிச்சவுகதான். கத்தார்ல பெரிய இன்ஜினியரா இருந்தாவ.” அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் சிரிப்பேன். “போன வருசமே வேன்ல ஏத்திவிட்டாச்சு டீச்சர்,” என்றது ஒரு வீடு. “பயல அங்க போட்டாச்சு, பொட்டப்பிள்ள ஒண்ணு இருக்கு, வேணும்னா அதக் கூட்டிட்டுப் போங்க,” என்றது இன்னொரு வீடு, அதைச் சொன்னவர் ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியின் முதுகில் பெண் பிள்ளைகளைக் காப்போம் என்று எழுதியிருந்தது, அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அடுத்த வீட்டில் ஒரு ஆள், லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்து, நோட்டீஸை வாங்கிப் பாராமலே கேட்டார்: “டீச்சரம்மா, உங்க பிள்ளையளு எங்க படிச்சாவ?” எல்லா வாசலிலும் இந்தக் கேள்வி வரும் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கவேண்டும். முகம் மாறாமல் சொன்னார், “இங்க படிக்கலய்யா. அப்ப எனக்குத் தைரியம் வரல.” அந்த ஆள் சிரித்தார். “உங்களுக்கே வரல. எங்களுக்கு மட்டும் எங்கருந்து வரும்?” கதவைச் சாத்தினார். மரியாதையாகத்தான் சாத்தினார், அதுதான் மோசமாக இருந்தது.

அந்தச் சாத்திய கதவுக்கு அடுத்த கதவுதான் இசக்கியம்மாள் வீடு. அதனால்தான். வேறு வரிசையில் போயிருந்தால், மேற்கேயிருந்து கிழக்கே வந்திருந்தால், நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும் என்பதை ஒரு நிமிடத்துக்கு முன்னால் கண்ணால் பார்த்துவிட்டு வந்து நிற்கிறவன் என்ன செய்வான். அவள் வாசல் நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும், நிமிரவே இல்லை, விரல்கள் மட்டும் தாமாக ஓடிக்கொண்டிருந்தன, டீச்சர் பேசப்பேச ம் ம் என்றாள். பக்கத்தில் மகள் படுத்துக்கொண்டு ஒரு டைரியில் கிறுக்கிக்கொண்டிருந்தது. “ரெண்டு வருசமா வேன்லதான் போறா டீச்சர். எழுதிவிடுதாவ பாருங்க டைரியில, அதப் படிச்சுக் குடுங்க, இத எழுதிக் குடுங்கன்னு. எல்லாம் இங்கிலீஷு. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளகிட்ட டியூசன் விடுதேன். வீட்லதான் சொல்லிக் குடுக்கணும்னா பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு விடணும்?” என்றாள். நியாயமான கேள்வி. இங்க பள்ளிக்கூடத்திலயே சொல்லிக் குடுப்போம் தாயி என்றார் டீச்சர். “தெரியும். ஆனா எங்க மாமியா சும்மா இருப்பாவளா? பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு வேனுன்னு அன்னைக்கே சண்ட. சண்ட போட்டுத்தான் விட்டேன். இப்ப நானே எடுத்தேன்னு வைங்க, பாத்தியா நான் சொன்னேம்லாம்பாவ. தெருவே சிரிக்கும்.” அப்புறம்தான், நிமிராமலே, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, என்னைக் கேட்டாள்: “உங்க பிள்ள எங்க சார் படிக்கா?”

இங்கதான், ஒண்ணாம் வகுப்புல சேக்கப்போறேன், என்றேன்.

விரல்கள் நின்றன. அதை நான் பார்த்தேன். இரண்டு வருடச் சண்டையும் மாமியாரும் தெருவும் ஒரு நொடி அந்த விரல்களில் நின்றதைப் பார்த்தேன். டீச்சர் குடைக்குள்ளிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் அது புதுச் செய்தி. “நெசமாவா?” என்றாள் இசக்கியம்மாள், இப்போது நிமிர்ந்து. நெசமாத்தான். “பேரென்ன?” யாழினி. “உங்க வீட்ல ஒத்துக்கிட்டாவளா?” ஒத்துக்கிட்டாங்க என்றேன், அதற்குள் அது இரண்டாவது பொய், முதலாவது தானாக வந்தது, இரண்டாவதை நான் கொண்டுவந்தேன். அவள் முறத்தை இறக்கி வைத்தாள். “அப்ப எம்பிள்ளையும் வருவா. ஃபாரின் சாரு பிள்ளையே அங்கதான் படிக்கு, உனக்கென்ன வந்துதுன்னு எங்க மாமியாகிட்டச் சொல்லுவேம்லா. எனக்குச் சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணும் சார், அவ்வளவுதான்.” அன்று மாலை ஸ்கூட்டரில் திரும்பும்போது எனக்கு என்னவோ உயரமாக இருந்தது. சாலையே என்னைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. சொன்ன நேரத்தில் அது பொய்யில்லை, அந்த நேரத்தில் நான் மனதாரச் சேர்க்கத்தான் நினைத்தேன் என்று இன்றைக்கும் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்ளும்போதே அந்த உயரம் நினைவுக்கு வருகிறது, பிள்ளையைச் சேர்க்க முடிவெடுத்தவனுக்குப் பயம் அல்லவா வந்திருக்கவேண்டும், உயரம் எப்படி வந்தது.

ஒன்பது ஆறு. ஹேமாவிடமிருந்து செய்தி: ரீச் ஆயாச்சா? பதில் போடவில்லை. அன்றைக்கு அவளிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அவள் பாளையங்கோட்டையிலேயே கான்வென்ட்டில் படித்தவள், அவளுக்கு வாய்க்கால் தெரு என்றால் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த இடம். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள். “நீ படிச்ச ஸ்கூல்னா நீ போ. வாரத்துக்கு நாலு நாள் போய்ப் பாடம் எடு. யார் வேண்டாம்னா? இவள எதுக்கு அனுப்பணும்?” நான் ஏதேதோ சொன்னேன், நம்ம மாதிரி ஆளுங்க பிள்ளைகளை அனுப்பினால்தான் அந்தப் பள்ளிக்கூடமெல்லாம் நிற்கும், எண்ணிக்கை குறைந்தால் ஒரு டீச்சரை வேறு பள்ளிக்கு எடுத்துவிடுவார்கள், இப்படியெல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “முத்து, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவ இவ. இவள வச்சு நீ ஊருக்கு நல்லவனாகப் போறியா?” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசவேண்டியிருக்கவில்லை. முள் உள்ளே போய் ஒடிந்துகொண்டது. அதை எடுக்கப் போகும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது, ஏனென்றால் அவள் சொன்னது சரி, சரியென்றால் பைபாஸ் பள்ளிதான் சரி என்று ஆகிவிடுமா, ஆகாது, நான் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டது தப்பு என்பதாலேயே வாய்க்கால் தெருப் பள்ளி தப்பான பள்ளி ஆகிவிடாது, இது எனக்கு விளங்குகிறது, ஆனால் அன்றைக்கு அவளிடம் சொல்ல விளங்கவில்லை. அல்லது விளங்கியும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. அவள் மேல் போட்டுவிடலாம். வீட்ல ஒத்துக்கல என்று சொல்லலாம். ஊரில் எத்தனை ஆண்பிள்ளைகள் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள்.

மே மாதம் நானே ஒரு நாள் தனியாக வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். டீச்சர் சாவியை எடுத்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், மூடி இருந்தது. கழிப்பறையைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. சுவரில் பிள்ளைகள் வரைந்த மீன்கள். ஒன்றாம் வகுப்பில் பெரிய டி.வி. ஒன்று துணி போட்டு மூடியிருந்தது, துணியை எடுத்துப் போட்டுக் காட்டினார். காலையில் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், என்ன கிழமைக்கு என்ன என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன், என்னத்தைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் தேடினேன், கடைசியில் பின்பக்கம் சுற்றுச்சுவரில் ஒரு விரிசல் தெரிந்தது, கைவிரல் நுழையாத விரிசல். அதைப் படம் எடுத்து ஹேமாவுக்கு அனுப்பினேன். இதுதான் நிலைமை என்று கீழே எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டு டீச்சரிடம் ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க என்றேன். பைபாஸ் பள்ளியில் நாங்கள் எதையும் திறந்து பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம், குளிர்ந்தது, வாசனை வந்தது, ஒரு பெண் ஜூஸ் கொடுத்தாள், தண்ணீர் விடாத நீச்சல் குளத்தைக் காட்டினாள், ஒரு வகுப்பறைக்குள்கூட நாங்கள் போகவில்லை, போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாழ்ப்பாளை இங்கே இழுத்துப் பார்த்தவன் அங்கே ஜூஸைக் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்டுக்குள் புதிதாக ஒருத்தர் வந்தால் மூன்றாம் மாடி வருவதற்குள் கேட்டுவிடுகிறார்கள், பாப்பா எந்த ஸ்கூல்? நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது புதிதாக ஆள் வந்தால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னால் போதும், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவேண்டாம், எங்கே உட்காரவைப்பது, எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பது எல்லாம் தெரிந்துவிடும். இப்போது யாரும் தெருவைக் கேட்பதில்லை. அநாகரிகம். வாய்க்கால் தெரு மாநகராட்சிப் பள்ளி என்று லிஃப்டுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், தனியாகப் போகும்போது, சத்தமாக. கதவு திறப்பதற்குள் நிறுத்திக்கொண்டேன்.

“அப்பா, அந்தப் பாப்பா எதுக்கு வெளிய நிக்குது?” யாழினி முன் ஸீட்டுக்கு நடுவில் தலையை நீட்டிவிட்டாள். ஏதோ வாங்கணும் போல என்றேன். எதற்கெடுத்தாலும் ஒரு பொய் தயாராக இருக்கிறது இன்றைக்கு, கடையில் சில்லறை எடுத்துப் போடுகிற மாதிரி. அவள் தலையைத் தடவினேன், ஷாம்பூ வாசனை, மெலிசான முடி, இந்தத் தலை எந்தக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பு ஓடிற்று. எனக்கு என்ன பயம்? இங்கே படித்தால் இங்கிலீஷ் வராது என்பதா? எனக்கு வந்ததே. எப்படி வந்தது என்று ஒரு வாசலிலும் நான் சொல்லவில்லை. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், பதினொன்றில் மார்க் அதிகம் என்று பெரிய பள்ளியில் இங்கிலீஷ் மீடியத்தில் இடம் கிடைத்தது. முதல் நாள் இயற்பியல் வகுப்பு. வாத்தியார் ஏதோ சொன்னார், எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள், எனக்கு அவர் என்ன எழுதச் சொன்னார் என்பதே தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் தெரிந்துவிடும். பேனா மூடியைக் கழற்றாமலே நோட்டில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினேன். வரி முடிந்ததும் அடுத்த வரி. பக்கம் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பினேன். நாற்பது நிமிடம். பக்கத்துப் பையன் பார்க்காமலிருக்க இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டேன், அந்த வளைவு இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, தோஹாவில் மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் இடது கை வந்து காகிதத்தை வளைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்ற இரண்டு மாதம் ஆயிற்று. கத்தார் இன்ஜினியர் என்று டீச்சர் காட்டுகிற ஆள் அந்த நாற்பது நிமிடத்திலிருந்து வந்தவனா, வாய்க்கால் தெருவில் உரக்கச் சொல்லிச் சொல்லிப் படித்த வாய்ப்பாட்டிலிருந்து வந்தவனா, எனக்குத் தெரியாது. இரண்டையும் பிரிக்க வராது. யாழினிக்கு அந்த நாற்பது நிமிடம் வேண்டாம். அவ்வளவுதான் என் பயம், இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளும்படியாக இருப்பதுதான் இடிக்கிறது. யாழினிக்கு இங்கிலீஷ் ஏற்கெனவே வரும். அவளுக்கு அந்த நாற்பது நிமிடம் எங்கே போனாலும் கிடையாது. அப்படியென்றால் நான் பயப்படுவது அதற்கில்லை. பிறந்தநாளுக்கு யாரையெல்லாம் கூப்பிடுவாள் என்று பயப்படுகிறேனா. யார் வீட்டுக்குப் போய் எந்த நடையில் உட்காருவாள் என்றா. பேச்சு மாறிவிடும் என்றா, என் பேச்சுதானே, நான் பாடுபட்டு மாற்றிக்கொண்ட பேச்சு. இந்த இடத்துக்கு வந்ததும் மனம் வழுக்கி வேறெங்கோ போய்விடுகிறது, ஏ.சி.யைக் குறைக்கலாமா, டயரில் காற்று இருக்கிறதா, மணி என்ன. ஒன்பது எட்டு.

போன வெள்ளிக்கிழமை டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். வர்ஷினியின் அம்மா டி.சி. கொண்டுவந்து கொடுத்துவிட்டாள் சார், மாமியார் ஏசியிருக்கிறார், தாக்குப்பிடித்துவிட்டாள், பழைய பள்ளியில் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம், அவர்களுக்கு அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறதாம், திங்கட்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் அதைப் படித்தபோது யாழினிக்கு டை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிமிடம் போன் போட்டிருக்கலாம். டீச்சர், நிறுத்துங்க, அந்த டி.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்க, நான் வரல. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஒருவேளை அந்த இடம் இருந்திருக்கும். நான் பெருவிரலைத் தூக்கிய அந்தச் சின்னப் படத்தை அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம், பார்த்தேன் என்றும் அர்த்தம், நல்லது என்றும் அர்த்தம், வருகிறேன் என்றும் அர்த்தம், ஒன்றுமே சொல்லவில்லை என்றும் அர்த்தம், அதனால்தான் அதை அனுப்பினேன். இப்போது போன் அடிக்கிறது. எஸ்தர் டீச்சர். காருக்குள் எல்லா ஸ்பீக்கரிலும் அடிக்கிறது, யாழினி காதைப் பொத்திக்கொள்கிறாள். எடுத்தேன். “சார், எங்க இருக்கிய? இசக்கியம்மா உள்ள வரமாட்டேங்கா. உங்க பிள்ளையக் கண்ணால பாத்துட்டுத்தான் விடுவாளாம். ஒன்றரை மாசமா வீட்ல வாங்குன பேச்சு, அவளச் சொல்லிக் குத்தமில்ல.” கண்ணாடி வழியாக டீச்சர் தெரிகிறார், வராந்தாவில், ஒரு கையில் போன், மறு கையால் ஒரு பிள்ளையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டு. முப்பது அடி. அவர் உதடு அசைவதும் குரலும் சரியாகச் சேரவில்லை. வந்துகிட்டே இருக்கேன் டீச்சர் என்றேன்.

வைத்துவிட்டார். வராந்தாவிலிருந்து கேட்டைப் பார்த்துக் கையைக் காட்டி ஏதோ சொன்னார். வந்துகிட்டே இருக்காவளாம். அதுவாகத்தான் இருக்கும். இசக்கியம்மாளின் முதுகு தளர்வதை நான் பார்த்தேன். இவ்வளவு நேரமும் அந்த முதுகு எப்படி இறுகி நின்றது என்பது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. குனிந்து மகளிடம் ஏதோ சொன்னாள், பையைத் தோளில் சரியாக மாட்டினாள், முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினாள். பிள்ளை உள்ளே ஓடிற்று. திரும்பிப் பார்க்காமல், பூ ஆட ஓடிற்று. ஒன்றாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவ்வளவு எளிதாக. என் ஒற்றை வார்த்தையில் ஒரு பிள்ளை உள்ளே போய்விட்டது. இனி நான் காரை எடுக்கலாம். எடுத்தால் அவள் கேட்டில் பத்து நிமிடம் நிற்பாள், அப்புறம் டீச்சர் போன் போடுவார், நான் எடுக்கமாட்டேன், மாலையில் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், உடம்பு சரியில்லை, கத்தாரிலிருந்து டி.சி. வரவில்லை, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், ஒரு மாதத்தில் தானாக அடங்கிவிடும், எல்லாம் அடங்கும், அந்தப் பிள்ளையும் அங்கே நன்றாகவே படிக்கும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கியரில் கை வைத்தேன். கை நகரவில்லை. நல்லவனாக ஒன்றும் அது நகராமல் இருக்கவில்லை, அவளைக் கடந்துதான் கார் போகவேண்டும், தெரு குறுகல், கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி அவள் முகம் வரும், பின் ஸீட்டில் யாழினி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருப்பாள். அது ஒன்றுதான். ரிவர்ஸில் போகலாமா என்றுகூடப் பார்த்தேன். பின்னால் ரேஷன் கடைக்கு அரிசி லாரி வந்து நிற்கிறது. யாழினியிடம் நீ இரு என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வெயில் முகத்தில் அறைந்தது.

பத்தடி நடந்திருப்பேன், கால் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். சிரித்தாள். “இந்தப் பக்கமாவா வந்திய? நான் அங்கிட்டுலா பாத்துக்கிட்டு நிக்கேன்,” என்றாள். அப்புறம் அவள் கண் என்னைத் தாண்டிப் போயிற்று. பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம். திரும்பாமலே தெரிந்தது. யாழினி இறங்கிவிட்டாள். மெரூன் டை, வெள்ளை ஸாக்ஸ், தோளில் அந்தப் பள்ளியின் பெயர் போட்ட பை, எல்லாமாக ரேஷன் கடைச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வாக்கியத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

“பைபாஸ்ல பெருசா இருக்குல்லா, அந்த ஸ்கூலா?” என்றாள்.

“ஆமா.”

“எப்ப சேத்திய?”

“மே மாசம்.”

அவள் யாழினியின் டையை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள். “வெள்ளிக்கிழம நான் டி.சி. வாங்குனத டீச்சரம்மா உங்களுக்குச் சொன்னாவளா?”

“சொன்னாங்க.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்லா.”

“தெரியும்.”

ஏசுவாள் என்று நின்றேன். ஏசவேண்டும், நாலு பேர் பார்க்க என் சட்டையைப் பிடிக்கவேண்டும், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று உடம்பு முழுக்கக் காத்திருந்தது. அவள் ஏசவில்லை. மணி அடித்தது. உள்ளே பிள்ளைகள் எழுந்து நிற்கிற சத்தம், பெஞ்சு இழுபடுகிற சத்தம். அவள் ஒன்றாம் வகுப்பு வாசலைப் பார்த்தாள், அங்கே கழற்றிக் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள், அப்புறம் என்னிடம் ஒரு எட்டு நெருங்கி, குரலைத் தாழ்த்தி, டாக்டரிடம் கேட்கிறவளைப் போலக் கேட்டாள்:

“சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க லீவுல வந்து உள்ள பூரா தொறந்து பாத்தியளாம்லா, டீச்சரம்மா சொன்னாவ. நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியும். என்னத்தப் பாத்து வேண்டாம்னு வச்சிய? மறைக்காமச் சொல்லிருங்க. எம்பிள்ள உள்ள இருக்கு.”

“ஸ்கூல்ல ஒண்ணும் இல்லம்மா,” என்றேன். “நல்ல ஸ்கூலுதான்.”

“அப்ப?” என்றாள்.

கேட்டைச் சாத்த வந்த ஆயா இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, “ஏ இசக்கி, உள்ள வாரியா, போறியா, எனக்கு வேல கெடக்கு,” என்றாள். இசக்கியம்மாள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“செத்த இருங்கக்கா. சார் சொல்லப்போறாவ.”